தண்ணீர் நிற்காமல் பார்த்துக்கொண்ட பிள்ளைக்கு

கடந்த வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு நேர்ந்தது இங்கே ரொறொன்ரோ ஸ்காபரோவில் உங்களில் பலருக்குத் தெரியும். மறதி நோயுள்ள எங்கள் அப்பா வீட்டை விட்டு வெளிக்கிட்டுக் காணாமல் போனார். தேடித் திரிந்தவர்களே நீங்கள்தான். அந்தத் தேடலை இங்கே மறுபடி எழுதவில்லை, எழுத இன்னும் கை வரவும் இல்லை. அப்பா வீட்டில் இருக்கிறார். சாப்பிட்டார், நித்திரை கொண்டார், காலையில் வழமைபோலத் தேத்தண்ணிக்குச் சீனி காணாது என்றார். அதைக் கேட்டு நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

இந்த மடல் எல்லாருக்கும்தான். ஆனாலும் முதலில் ஒரு பிள்ளைக்கு. அவவுக்குத் தமிழ் தெரியாது, யாராவது வாசித்துச் சொல்லுங்கோ.

நகரசபையின் பூங்கா, பொழுதுபோக்குப் பிரிவு நடத்தும் சமர் காம்ப்பில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவவுக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயதிருக்கும். பள்ளி விடுமுறைக்கு வேலை செய்கிற மாணவி. அன்று மத்தியானம் அவவின் அரை மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை. பூங்காவில் தண்ணீர் பீச்சும் தளத்துக்குப் பக்கத்து வாங்கில் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது அப்பாவைக் கண்டிருக்கிறா. எண்பத்திரண்டு வயது மனிசன், வேட்டி, வெறும் மேல். சேர்ட்டை நாலாக மடித்துச் செருப்பின் மேல் வைத்துவிட்டு, சில்லென்ற தண்ணீருக்குள் சம்மணம் கொட்டி இருந்திருக்கிறார்.

அந்தத் தளங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தண்ணீர் தொடர்ந்து வராது. தூணில் இருக்கும் பொத்தானை அமத்தினால் சில நிமிடம் வரும், பிறகு தானாக நின்றுவிடும். தண்ணீர் நின்றதும் அப்பா எழும்பி, செருப்பைப் பார்த்து, வீதிப் பக்கம் திரும்பியிருக்கிறார். அவ ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தியிருக்கிறா. தண்ணீர் வந்ததும் அப்பா திரும்பவும் இருந்துவிட்டார். அப்போதே அவவுக்கு விளங்கிவிட்டது. ஒரு கையால் போன் எடுத்துப் பொறுப்பாளருக்குச் சொல்லி, மற்றக் கையைப் பொத்தானிலேயே வைத்திருந்திருக்கிறா. தண்ணீர் நிற்க நிற்க அமத்தினா. வெயில் ஈரப்பதத்தோடு சேர்த்து நாற்பது பாகைபோலக் கொளுத்திய நாள். தன் தொப்பியைக் கழற்றி அப்பாவின் தலையில் போட்டுவிட்டா. அவவின் சாப்பாட்டுப் பெட்டி வாங்கில் திறந்தபடியே கிடந்ததை நான் போய்ச் சேர்ந்தபோது கண்டேன்.

ஏன் அப்படி நின்றனீங்கள் என்று கேட்டேன். தண்ணீர் நின்றால் அவர் போய்விடுவார் என்று பயந்தேன், மறித்துப் பிடித்தால் பயந்துவிடுவார் என்று அதைவிடப் பயந்தேன் என்றா. வீட்டில் நாங்கள் இரண்டு வருடமாகச் செய்துவந்த பிழையை அந்தப் பிள்ளை அரை மணி நேரத்தில் விளங்கிக்கொண்டது. கதவைப் பூட்டினோம், கையைப் பிடித்து இழுத்தோம், "எங்கை வெளிக்கிடுறியள்" என்று சத்தம் போட்டோம்.

அன்று ஆடி அமாவாசை. காலையில் அப்பாவுக்கு நாள் சொன்னது நான்தான். அப்பாவுக்கு ஊர் யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் தன் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செய்யக் கீரிமலைக்குப் போய்க் கேணியில் முழுகுகிறவர். 1990இல் போரால் வலிகாமம் வடக்குச் சனமே இடம்பெயர்ந்தபோது ஊரை விட்டு வந்தவர், பிறகு அந்தத் தண்ணீரில் கால் வைக்கவில்லை. வியாழக்கிழமை அவர் வேட்டி கட்டி வெளிக்கிட்டது அங்கே போகத்தான். நான் கிட்டப் போனபோது என்னைப் பார்த்துச் சொன்னார்: "கேணியிலை தண்ணி வந்திட்டுது பிள்ளை."

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது நகரசபையின் கோடைகால நிகழ்ச்சிகளுக்காகக் காலை 7 மணிக்கு இரண்டு போனோடு இருந்து பதிவு செய்திருக்கிறேன். இடம் கிடைக்காமல் எரிந்து விழுந்திருக்கிறேன். கையில் காசில்லாத காலத்தில் வருமானம் குறைந்தவர்களுக்கு நகரசபை கட்டணத்துக்கு உதவுகிற 'வெல்கம் பொலிசி'யால்தான் என் மூத்தவன் நீந்தப் பழகினான். வெக்கை கூடிய நாட்களில் சில வெளி நீச்சல் குளங்களை இரவு 11:45 வரை திறந்து வைக்கிறார்கள், அதற்கும் போயிருக்கிறோம். இவ்வளவு வருடத்தில் அங்கே வெயிலில் நிற்கிற பிள்ளைகளின் முகத்தை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. இனிப் பார்ப்பேன்.

மற்ற எல்லாருக்கும் சேர்த்து: கடைகடையாய் ஏறி இறங்கிய தம்பிமார், படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியவர்கள், பூசையை முடித்த கையோடு தெருவில் இறங்கித் தேடிய கோயில் ஐயா, தன் பஸ்ஸில் ஏறவில்லை என்று உறுதியாகச் சொல்லி எங்கள் தேடலைச் சுருக்கிய சாரதி, அப்பாவின் முன் முழங்காலில் இருந்து கதைத்த பொலிஸ்காரர், எங்களுக்குச் சோறு கொண்டுவந்த பக்கத்து வீட்டு அக்கா. நன்றி. பெயர் விடுபட்டவர்கள் குறை நினைக்க வேண்டாம்.

நகரசபையின் 311 தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்து, தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக் கேட்டு, அந்தப் பிள்ளையின் பொறுப்பாளர்களுக்கும் இதையெல்லாம் சொல்லிவிட்டேன். அழுது அழுது சொன்னதில் பாதி விளங்கியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். வழி தவறினால் ஆளை அடையாளம் காண உதவுகிற மெடிக்அலர்ட் கைவளையம் அப்பாவுக்குக் கேட்டு எழுதியாயிற்று. மறதி நோய் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து நீங்களும் செய்யுங்கோ, நாளைக்கு என்று தள்ளவேண்டாம். நான் தள்ளினேன்.

செப்டம்பரில் தண்ணீரை நிறுத்தும்வரை ஒவ்வொரு பின்னேரமும் அப்பாவை அங்கே கூட்டிப்போவேன். பொத்தானை நான் அமத்துவேன்.

பிள்ளை, உங்கள் தொப்பி எங்களிடம் இருக்கிறது. துவைத்துக் காயவைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலை காம்ப் தொடங்க முதல் அப்பாவோடு வருகிறேன், அவர் கையாலேயே தரட்டும். உங்களுக்கு மத்தியானச் சாப்பாடும் கொண்டுவருகிறேன்.