அஞ்சரை பாகம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுறேன். நேத்து போன்ல நீ சொன்னதே மனசுல ஓடுது. அழுத்தம் கூடினா காத்தோட கொள்ளளவு குறையும்னு உன் வகுப்புப் பிள்ளைங்க ஒப்பிக்குதுங்க, வரைபடம் ஏன் நேர்கோடா இல்லாம வளையுதுன்னு கேட்டா முழிக்குதுங்கன்னு சொன்னியே. 1662-ல பாயில் வெளியிட்ட அந்தப் பாதரசச் சோதனையையும் சொன்னே. கண்ணாடிக் குழாய் நீளமா இருந்ததால மாடிப்படியில வச்சு ஊத்தினாராமே! எனக்கு அந்த மாடிப்படி கடல்.

சங்கு குளிக்கிறவனுக்கு அழுத்தம் காதுலதான் தெரியும். அதுவும் முதல் ரெண்டு பாகத்துலயே, பாகம்னா நாங்க ரெண்டு கையையும் விரிச்சு அளக்கிற நீளம், மூக்கைப் பிடிச்சு ஊதிக்கிட்டே இறங்கணும். ஆழத்துல அவ்வளவு தொல்லை இல்ல. ஏன்னு அப்ப எனக்குத் தெரியாது. மேல நம்மளை அமுக்குறது ஒரு வளிமண்டலம். அஞ்சரை பாகம், உன் கணக்குல 10 மீட்டர், இறங்கினா ரெண்டு. அஞ்சு லிட்டர் மூச்சு ரெண்டரை ஆயிடும். இன்னும் அஞ்சரை பாகம் இறங்கினா மூணு வளிமண்டலம், ஆனா மூச்சு ஒண்ணேமுக்காலுக்குக் கொஞ்சம் கீழதான் வரும். முதல் அஞ்சரை பாகம் பாதியை எடுத்துக்கிச்சு, அடுத்தது ஆறுல ஒரு பங்கைத்தான் எடுத்துச்சு. உன் கோடு வளையிறது இதனாலதான்.

தாத்தா எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒண்ணே ஒண்ணு: மேல வர்ற வரைக்கும் மூச்சை விடாதே. அவர் காலத்துக்கு அது சரி. மேல இழுத்த மூச்சு கீழ சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்கே திரும்பும். காத்தை அமுக்கிக் குழாய்ல கீழ அனுப்புற கம்ப்ரசர் வந்ததும் அதுவே எமனாச்சு. ஓஸ் வழியா கீழ இழுக்கிற காத்து ஏற்கெனவே அமுங்கின காத்து. அஞ்சரை பாகத்துல அஞ்சு லிட்டரை அடக்கிக்கிட்டு ஏறினா மேல வர்றதுக்குள்ள பத்து லிட்டர் இடம் கேக்கும். நெஞ்சு எங்கிருந்து கொடுக்கும்?

நீ மூணாங்கிளாஸ் படிக்கையில ஒருநாள் ஓஸ் மடங்கி காத்து நின்னுபோச்சு. பயத்துல வாயை இறுக மூடிக்கிட்டு உதைச்சு ஏறினேன். கடைசி ரெண்டு பாகத்துல விலா எலும்பை உள்ளருந்து யாரோ நெம்புற மாதிரி. நல்லவேளை பாதி மூச்சுதான் உள்ள இருந்துச்சு. வள்ளத்துல ஏறி இருமினேன், கையெல்லாம் ரத்த நுரை. உங்கம்மாகிட்ட பல்லுல அடிபட்டுச்சுன்னு பொய் சொன்னேன். இப்பவும் சொல்லிடாதே.

அதுக்கப்புறம் முங்க வந்த பயல்கள் எல்லார்கிட்டயும் ஏறும்போது ‘ஆ’ன்னு வாயைத் திறந்து காத்தை விட்டுக்கிட்டே வாங்கலேன்னு சொல்லிட்டேன்.

தம்பிகிட்ட ஒரு பிளாஸ்டிக் டப்பா கொடுத்துவிடுறேன். மேலயும் கீழயும் ஒரே அகலம். வாயைக் கீழ்ப்பக்கமாக் கவுத்துக் கொண்டுபோய், தண்ணி ஏறி நின்ன இடத்துல ஆணியால கீறினேன். கீழ்க்கோடு அஞ்சரை பாகத்துல, மேல்கோடு பதினொண்ணுல. ஸ்கேல் வச்சு அளக்கச் சொல்லு பிள்ளைங்களை. ரெண்டாவது கோடு கொஞ்சம் கோணலா இருக்கும், கை நடுங்கிடுச்சு.

அப்பா