கலைத் திருவிழாவுக்குப் போக வண்டி வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலே போகும் போட்டி. எங்கள் ஊர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் வாயே திறக்காதவள், பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடித்தபோது சத்துணவு அக்கா கரண்டியோடு வாசலுக்கே வந்து நின்றுவிட்டார். வட்டார அளவுக்கும் தேர்வானாள். அப்புறம்தான் சிக்கல். போட்டி நடக்கும் ஊருக்குக் காலையில் ஒரே பேருந்து, அதுவும் நிற்காமல் போய்விட, டீச்சர் கைக்காசு போட்டு ஆட்டோ பிடித்துக் கூட்டிப் போனார். மதியச் சாப்பாடும் அவர் செலவுதான். நல்ல திட்டம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் வெளியூர்ப் போட்டிக்குப் போகும் பிள்ளைகளுக்கு வண்டியும் சாப்பாடும் அடுத்த முறையாவது ஏற்பாடு செய்து கொடுங்கள்.

– ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்