கார் தானாக ஓடும், கேஸ் மட்டும் டிரைவர் மேலா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

டிரைவர் இல்லாத கார் பற்றி அடிக்கடி ஏதாவது செய்தி வருகிறது, அதைப் படித்துவிட்டு ஸ்டாண்டில் இருக்கும் பசங்க “அண்ணே, நம்ம பொழப்பு அவ்வளவுதானா?” என்று கேட்கிறார்கள். நான் வேலூரில் ஆக்டிங் டிரைவர். சத்துவாச்சாரி, காந்தி நகர் பக்கம் கார் வைத்திருப்பவர்களுக்கு சென்னை ஏர்போர்ட், பெங்களூரு, திருப்பதி என்று ஓட்டிக் கொடுப்பதுதான் தொழில்.

அதெல்லாம் வெறும் பில்டப், வரவே வராது என்று சொல்பவர்களோடு நான் சேர மாட்டேன். 2004-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பு மொஹாவி பாலைவனத்தில் பந்தயம் வைத்தபோது, சுமார் 240 கிலோமீட்டர் தூரத்தை ஒரு வண்டிகூட முடிக்கவில்லை, அதிக தூரம் போன வண்டியே 12 கிலோமீட்டருக்குள் மாட்டிக்கொண்டது. அடுத்த வருஷமே 5 வண்டிகள் முடித்தன. 2020-லிருந்து அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில் வேமோ கம்பெனியின் டாக்சியில் ஸ்டியரிங் பின்னால் ஆளே இல்லாமல் பொதுமக்கள் போய் வருகிறார்கள். ஆனால் அது நாம் வாங்கி வாசலில் நிறுத்துகிற கார் இல்லை. லேசர் சென்சார், ராடார், சுற்றிலும் கேமரா, முன்கூட்டியே நுணுக்கமாக எடுத்து வைத்த மேப், வண்டி குழம்பி நின்றால் தூரத்திலிருந்து வழி சொல்ல ஆட்கள், இத்தனையும் வைத்துக்கொண்டு ஒரு எல்லைக்குள்தான் ஓடுகிறது. வண்டியும் கம்பெனியுடையது, இடித்தால் பதில் சொல்ல வேண்டியதும் கம்பெனி.

அப்படிப் பதில் சொல்லவும் வைத்தார்கள். 2023 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், க்ரூஸ் கம்பெனியின் ஆளில்லா டாக்சிக்கு முன்னால் விழுந்தார். அதுவும் மோதி நின்றது, பிறகு ஓரம் கட்டுவதற்காக அவரைச் சுமார் 6 மீட்டர் இழுத்துக்கொண்டே போனது. அந்த மாதமே கலிஃபோர்னியா அனுமதியை நிறுத்தி வைத்தது, அடுத்த வருஷம் டிசம்பரில் க்ரூஸின் ஓனரான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த ரோபோ டாக்சித் தொழிலையே கைவிட்டது.

சரி, நம் ஊர் ஷோரூமுக்கு வருவோம். இங்கே விற்பது ஏடாஸ் லெவல் 2, அதாவது டிரைவருக்குக் கை கொடுக்கிற சிஸ்டம்தான். ஸ்டியரிங்கும் பிரேக்கும் ஓரளவு வண்டி பார்த்துக்கொள்ளும், ரோட்டைப் பார்ப்பது டிரைவர் வேலை. கிளீனர் பையனிடம் வண்டியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற மாதிரி, கண்ணை எடுக்கவே முடியாது. இதைப் போய் ஒரு சேல்ஸ்மேன் என் கஸ்டமரிடம் “நைட்ல டிரைவர் கொஞ்சம் கண் அசந்தாலும் கவலை இல்லை சார்” என்று சொல்லி விற்றிருக்கிறார். அவரும் நம்பிவிட்டார், பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் “க்ரூஸ் கன்ட்ரோல் போட்டுட்டு ஃப்ரீயா விடுப்பா” என்கிறார்!

ஏடாஸே வேண்டாம் என்று சொல்லவில்லை. ராத்திரியில் ஆம்பூர் பக்கம் பார்க்கிங் லைட் இல்லாமல் நிற்கிற லாரிக்கு அது பீப் கொடுத்தால் கும்பிடத் தோன்றும். ஆனால் வாலாஜாபேட்டையிலிருந்து பூந்தமல்லி வரை ஆறுவழிச் சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்த லட்சணம் எல்லோருக்கும் தெரியும். டைவர்ஷனில் பழைய வெள்ளைக் கோடு ஒரு பக்கம், ரோடு ஒரு பக்கம், வண்டியைக் கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் அசிஸ்ட் பழைய கோட்டை நம்பி ஸ்டியரிங்கை இழுக்கும். வேலூர் கிரீன் சர்க்கிள் ஜங்ஷன் பக்கம் கேட்கவே வேண்டாம், முன்னால் விடுகிற இடைவெளியில் ஷேர் ஆட்டோ நுழையும், சர்வீஸ் ரோட்டில் எதிரே பைக் வரும். பிரேக் தானாக விழும், அப்புறம் பின்னால் வருகிற லாரிக்காரர் நிலைமை?

இடித்துவிட்டால் கேஸ் என் மேல்தான். உயிர் போனால் பாரதிய நியாய சன்ஹிதா 106(1), 5 வருஷம் வரை உள்ளே. நான் ஓட்டவில்லை, கார்தான் ஓட்டியது என்று ஸ்டேஷனில் சொன்னால் சிரிப்பார்கள். வெளிநாட்டில் இந்தக் கேள்விக்குக் கொஞ்சமாவது பதில் வந்துகொண்டிருக்கிறது. 2022-ல் ஜெர்மனியில் மெர்சிடிஸ் கொண்டு வந்த டிரைவ் பைலட் என்கிற தானாக ஓட்டும் வசதி நெடுஞ்சாலை நெரிசலில், 60 கிலோமீட்டர் வேகத்துக்குள்தான் வேலை செய்தது, ஆனால் அது ஓட்டும்போது கோளாறானால் பொறுப்பு எங்களுடையது என்றது கம்பெனி. ஃப்ளோரிடாவில் 2019-ல் ஆட்டோபைலட் என்கிற டிரைவர் உதவி சிஸ்டம் போட்ட டெஸ்லா காரில் டிரைவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்தார், கார் நின்றிருந்த வண்டியில் மோதி ஒரு இளம்பெண் இறந்தார். 2025 ஆகஸ்டில் ஜூரி டெஸ்லாவுக்கும் 33 சதவீதப் பொறுப்பு என்றது.

மத்திய அமைச்சர் நிதின் கட்கரி 2023-ல் டிரைவர்கள் வேலை போய்விடும், ஆளில்லா காரை இந்தியாவில் விடவே மாட்டேன் என்றார். நல்லது, நன்றி. ஆனால் என் பிழைப்புக்கு இன்றைக்கு ஆபத்து அந்தக் காரால் இல்லை, அரைகுறையாகத் தானே ஓடுகிற இந்தக் காரால்தான். இதில் என்னென்ன வேலை செய்யாது என்று தமிழில் ஒரு தாள் எழுதி, வாங்குபவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சாவி கொடுக்க வேண்டும். விபத்து நடந்தால் அந்த நொடியில் பிரேக்கும் ஸ்டியரிங்கும் யார் கையில் இருந்தது என்று வண்டியில் பதிவாகியிருப்பதை எடுத்து போலீசுக்கும், ஓட்டியவருக்கும் கொடுக்க வேண்டும், ஓனருக்கு மட்டும் இல்லை. கலெக்டர் நடத்தும் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் ஹெல்மெட் பற்றிப் பேசி முடித்த பிறகாவது இதை ஒரு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதுங்கள் சார்.

இப்படிக்கு,
ஒரு ஆக்டிங் டிரைவர்,
சத்துவாச்சாரி, வேலூர்.