அடைப்பு நீக்கும் பொடியே அடைப்பாகிப் போனது பற்றிய புகார்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் சிங்க் அடைப்பு நீக்கும் பொடியைப் பற்றிப் போனில் சொல்லி, மின்னஞ்சல் அனுப்பி, நேரிலும் வந்து ஓய்ந்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறீர்கள், பதில்தான் வரவில்லை. எந்தப் பொடி, எந்த டப்பா என்றெல்லாம் நான் விளக்கப் போவதில்லை. தயாரிப்பவர்கள் நீங்கள், உங்களுக்கே தெரியும்.

கிச்சன் சிங்க்கில் தண்ணீர் தேங்கி நின்றது. டப்பாவில் போட்டிருந்த அளவுதான் கொட்டினேன், சொல்லியிருந்த நேரம்தான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் நுரைத்தது, சூடேறியது, நெடி மூக்கை அரித்தது, அப்புறம் அடங்கிவிட்டது. அதுவரை சொட்டுச் சொட்டாகவாவது இறங்கிக்கொண்டிருந்த தண்ணீர் அதோடு சுத்தமாக நின்றது.

உதவி எண்ணில் முதலில் பேசிய தம்பி பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் இணைப்பை மாற்றிக் கொடுத்த அம்மணி இருக்கிறாரே, அவரால்தான் இந்தக் கடிதமே. நான் சொல்லி முடிப்பதற்குள், "இன்னொரு பாக்கெட் போட்டு, மேல நல்லா கொதிக்கிற தண்ணி ஊத்துங்க" என்றார். வெந்நீர் ஊற்றக் கூடாது என்று டப்பாவின் பின்னால் பொடி எழுத்தில் நீங்களே போட்டிருக்கிறீர்களே என்றேன். "அதான் படிக்கத் தெரியுதே, அப்புறம் எதுக்குப் போன் பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

இது சாதாரண விஷயமா, சொல்லுங்கள். பொடியில் இருப்பது காஸ்டிக் சோடா. பச்சைத் தண்ணீர் பட்டாலே கொதிக்கிற அளவுக்குச் சூடேறும். அதன்மேல் கொதிநீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். பிவிசி பைப்புக்கும் 60 டிகிரிக்கு மேல் சூடு ஆகாது. அவர் சொன்னபடி நான் செய்திருந்தால் இன்று இந்தக் கடிதத்தை வேறு யாராவதுதான் எழுதியிருக்க வேண்டும். அந்த அழைப்பின் பதிவு உங்களிடம் இருக்கும். தயவுசெய்து ஒருமுறை போட்டுக் கேளுங்கள்.

இதற்கு முன்பே நடந்த ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. டப்பாவுடன் சேவை மையத்துக்கு வந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்று உங்களிடமிருந்து குறுஞ்செய்தி வந்தது. வேலைக்கு லீவு போட்டுவிட்டு, மீதிப் பொடி சிந்திவிடுமோ என்று வழியெல்லாம் டப்பாவை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வந்தேன். நீங்கள் கொடுத்த விலாசத்தில் இருந்தது கிடங்கு. "இங்க லோடு ஏத்துறது மட்டும்தாங்க" என்றார் காவலாளி. பாவம், அவர்தான் மன்னிப்புக் கேட்டார், உங்கள் கம்பெனியில் வேறு யாரும் இன்றுவரை கேட்கவில்லை.

கடைசியில் பிளம்பர் வந்து, கையுறை போட்டுக்கொண்டு, சிங்க்குக்குக் கீழே இருக்கும் வளைவுப் பைப்பைக் கழற்றினார். உள்ளே வெள்ளையாக, சிமென்ட் மாதிரி ஒரு கட்டி. குத்தினாலும் உடையவில்லை, பைப்பையே அறுத்து மாற்ற வேண்டியதாயிற்று. எண்ணெய்ப் பசையைச் சோப்பாக்கிக் கரைப்பதுதான் இந்தப் பொடியின் வேலையாம். தண்ணீர் ஓட்டம் இருந்தால் அது கரைந்து போய்விடும், ஓட்டமே இல்லாத இடத்தில் பொடியும் சோப்பும் வளைவில் உட்கார்ந்து இறுகிவிடும் என்றார். ரப்பர் பம்ப்பை வைத்து நாலு அழுத்து அழுத்தினாலே போயிருக்கும், பொடி விழுந்தபின் அதுவும் செய்யக் கூடாது, காரத் தண்ணீர் மேலே தெறிக்கும் என்றும் சொன்னார். ஒரு பிளம்பருக்குத் தெரிந்தது தயாரிக்கிற உங்களுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டேதானே டப்பாவின் முன்பக்கம் "எந்த அடைப்பும் நொடியில்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள்?

என் சமையலறையே பாழாகிவிட்டது. அடியில் இருந்த அலமாரி ஊறி உப்பிவிட்டது, சிங்க்கின் பளபளப்பு போய்விட்டது, பாத்ரூமில் உட்கார்ந்து பாத்திரம் கழுவிக் கழுவி என் இடுப்பு இனி இந்த ஜென்மத்தில் நிமிராது. இதையெல்லாம் படத்தோடு அனுப்பினேன். "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று பதில் வந்தது!

கோபத்தில் ஏதாவது கூடுதலாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது நியாயமானதுதான். பொடிக்குக் கொடுத்த பணம், பைப்புக்கும் பிளம்பருக்கும் ஆன செலவு, அந்த அம்மணியிடமிருந்து ஒரு மன்னிப்பு. தண்ணீர் முழுதாகத் தேங்கி நிற்கும்போது போடக் கூடாது என்று டப்பாவின் முன்பக்கத்திலேயே அச்சடியுங்கள். இந்த வாரத்துக்குள் பொறுப்பான ஒருவர் என்னை அழைக்காவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். பில், டப்பா, அறுத்தெடுத்த பைப், எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நிலைக்குக் கொண்டுபோக மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

பி.கு.: மீதிப் பொடி இன்னும் வீட்டில்தான் இருக்கிறது. குப்பை எடுப்பவர் கையைச் சுட்டுவிடுமோ என்று தூக்கிப் போடவும் பயமாக இருக்கிறது. ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளுங்கள். கிடங்குக்கு மறுபடி நான் வருவதாக இல்லை.