வைஃபை டிரைவரில் இருக்கும் கோளாறுக்கு மதர்போர்டை மாற்றச் சொல்லாதீர்கள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். உங்கள் லேப்டாப்பை இரண்டு வருடமாகப் பயன்படுத்துகிறேன், போன மாதம் வரை ஒரு குறையும் சொன்னதில்லை. போன மாதம் உங்களுடைய அப்டேட் செயலி என்னைக் கேட்காமலேயே வைஃபை டிரைவரை, அதாவது வைஃபை கருவியை விண்டோஸ் இயக்குவதற்கான மென்பொருளை, புதுப்பித்தது. மறுநாளிலிருந்து நீலத்திரைதான். ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை, அதுவும் பெரிய ஃபைல் இறங்கும்போதோ வீடியோ அழைப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதோ, மெஷின் அப்படியே விழுந்து ரீஸ்டார்ட் ஆகிறது.

முதலில் பேசிய ஊழியர் விண்டோஸை முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிதாகப் போடச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அதைச் செய்தேன். போட்டு முடித்ததும் வைஃபைக்கு டிரைவரே இல்லை, சரி என்று ஃபோனை யூஎஸ்பியில் இணைத்து நெட் கொடுத்தேன். உங்கள் செயலி வந்து அதே புது டிரைவரைப் போட்டது. அரை மணி நேரத்தில் மறுபடியும் நீலத்திரை.

அப்புறம் நானே தேடத் தொடங்கினேன். விண்டோஸ் ஃபோல்டருக்குள் மினிடம்ப் என்று ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு முறை விழும்போதும் அதில் ஒரு பதிவு சேர்கிறது. ஐந்து பதிவுகளை விண்டிபிஜி (WinDbg) என்ற மைக்ரோசாஃப்டின் பிழை ஆராயும் கருவியில் திறந்து பார்த்தேன். ஐந்திலும் அது கைகாட்டியது ஒரே ஃபைலை, உங்கள் வைஃபை டிரைவரை. அதை மட்டும் நம்பி எழுதக் கூடாது என்று டிவைஸ் மேனேஜரில் வைஃபையை முடக்கிவிட்டுக் கேபிளில் வேலை பார்த்தேன். ஆறு நாள் ஒரு தடவைகூட விழவில்லை. ஏழாம் நாள் வைஃபையைத் திரும்ப இயக்கினேன், அன்று மாலையே விழுந்தது.

இவ்வளவையும் எழுதி, பதிவுகளையும் இணைத்து அனுப்பினால், "மதர்போர்டு போயிருக்கலாம், வாரண்டி முடிந்துவிட்டது, உங்கள் செலவில் மாற்ற வேண்டும்" என்று பதில் வருகிறது. இணைத்ததை யாராவது திறந்து பார்த்தீர்களா? இன்னொருவர் ரிமோட்டில் வந்து, வேறு ஏதோ ஒரு டிரைவரின் தேதி 2006 ஜூன் 21 என்று இருப்பதைக் காட்டி, இவ்வளவு பழசாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்றார். விண்டோஸோடு வரும் டிரைவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் வேண்டுமென்றே போடும் தேதி அது, தயாரிப்பாளர் கொடுக்கும் டிரைவர் எப்போதும் அதைவிடப் புதியதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. டிரைவர் பிரச்சினையைப் பார்க்க வருகிறவருக்கு இதுகூடத் தெரியவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. சாதாரண செயலி பிழை செய்தால் அது மட்டும்தான் மூடும், டிரைவர் விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடுவதால் அது செய்யும் ஒரு பிழைக்கு மொத்த மெஷினும் விழுகிறது, சேமிக்காத வேலையெல்லாம் போகிறது.

என்னை மிகவும் கோபப்படுத்தியது இதுதான். பழைய டிரைவருக்குத் திரும்பலாம் என்று 'ரோல் பேக் டிரைவர்' பட்டனைப் பார்த்தால் அது மங்கிக் கிடக்கிறது, அழுத்த முடியவில்லை. முந்தைய டிரைவர் மெஷினில் இருந்தால்தானே அது வேலை செய்யும்? நீங்கள் அழிக்கச் சொன்னபோது அதுவும் சேர்ந்து போய்விட்டது. சரி, உங்கள் டவுன்லோட் பக்கத்தில் எடுக்கலாம் என்றால் அங்கே பழையதை நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருக்கிறீர்கள்.

பணம் திரும்பக் கேட்கவில்லை. பழைய டிரைவரை இந்த மாடலின் பக்கத்தில் திரும்பப் போடுங்கள், பிழையைத் திருத்தும் வரை புதியதை யாருக்கும் அனுப்பாதீர்கள். இனி டிரைவர் போடுவதற்கு முன் உங்கள் செயலி எங்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். மதர்போர்டு மாற்றத் தேவையில்லை என்பதையும் எழுத்தில் கொடுங்கள். இதே மாடல் வைத்திருக்கும் எத்தனை பேர் உங்கள் பேச்சை நம்பி நல்ல போர்டைக் கழற்றி மாற்றியிருப்பார்களோ தெரியாது, அதை நினைத்தால்தான் மனசு ஆறவில்லை.

ஐந்து பதிவுகளையும் டிரைவரின் பதிப்பு எண்ணையும் மறுபடி இணைத்திருக்கிறேன். டிரைவர் எழுதும் பொறியாளர் ஒருவரிடம் இதைக் கொடுங்கள், அவர் என்ன கேட்டாலும் சோதித்துச் சொல்லத் தயார். அதுவரை வைஃபையை முடக்கித்தான் வைத்திருப்பேன், இந்தக் கடிதமும் கேபிள் வழியாகத்தான் வருகிறது.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்