ஓகனேசானுக்கு ஏன் வாயுவின் நிறம்?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் மாணவர் பக்கத்தில் தனிம வரிசை அட்டவணையை முழுப்பக்க வண்ணப் படமாக வெளியிட்டிருந்தீர்கள். முப்பது வருடம் வேதியியல் நடத்தியவன், பார்த்ததும் மகிழ்ந்துபோனேன். ஆனால் கடைசிக் கட்டத்தில், 118ஆம் தனிமமான ஓகனேசானுக்கும் ஹீலியம், நியானுக்குப் பூசிய அதே நிறத்தைப் பூசி 'மந்த வாயு' என்று போட்டிருக்கிறீர்கள். அது சரியல்ல.

ஓகனேசானை வாயுவாக யாரும் பார்த்ததில்லை. ரஷ்யாவின் துப்னா ஆய்வகத்தில் 2002இல் கலிஃபோர்னியத்தின் மீது கால்சியம் அணுக்கருக்களை மோதவிட்டு அதை முதலில் உண்டாக்கினார்கள். இதுவரை கிடைத்த அணுக்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைந்துபோக ஆகும் நேரம், ஒரு மில்லிநொடிக்கும் குறைவு. அதற்குள் உருகுநிலையை எங்கே அளப்பது? நம்மிடம் இருப்பது கணக்கீடு மட்டும்தான். அந்தக் கணக்கீடுகளோ, அறை வெப்பநிலையில் அது திடப்பொருளாக இருக்கும் என்கின்றன.

அணுக்கருவில் 118 புரோட்டான்கள் இழுக்கும்போது உள்வட்ட எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்குகிறது. அங்கே ஐன்ஸ்டைனின் சார்பியல் உள்ளே வருகிறது. எலக்ட்ரான்கள் உலவும் பகுதிகளான ஆர்பிட்டால்களில் சில சுருங்குகின்றன, சில விரிகின்றன. ஓகனேசானின் வெளி எலக்ட்ரான்கள் அப்படித் தளர்ந்துபோவதால் அதன் அணுக்கள் விலகி நிற்காமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். தங்கம் மஞ்சளாக இருப்பதும், பாதரசம் திரவமாக இருப்பதும் இதே சார்பியல் விளைவால்தான். வகுப்பில் இதைச் சொன்ன அன்று காதுத் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள் இன்னும் என் கண்ணில் நிற்கிறார்கள்.

பாதரசத்துக்குக் கீழே உள்ள கோபர்நீசியத்தையும் ஈயத்துக்குக் கீழே உள்ள பிளெரோவியத்தையும் ஒரு சில அணுக்களைக் கொண்டு சோதித்திருக்கிறார்கள். தங்கப் பரப்பின் மேல் செலுத்தி, எந்த வெப்பநிலையில் ஒட்டுகின்றன என்று பார்ப்பார்கள். இரண்டுமே எளிதில் ஆவியாகும் தன்மை கொண்டவை என்று தெரிந்தது. ஈயத்தின் குடும்பத்தில் இப்படி ஒன்று! ஆக, அட்டவணையில் ஒரு தனிமம் நிற்கும் நெடுவரிசையை மட்டும் வைத்துக் குணத்தை முடிவு செய்ய முடியாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தேர்வில் 118ஆம் தனிமம் திடப்பொருளாக இருக்கலாம் என்று எழுதிய என் மாணவி ஒரு மதிப்பெண்ணை இழந்தாள். விடைக்குறிப்பில் 'வாயு' என்று இருந்ததாம். அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ், அன்று கண்டறியப்படாத ஒரு தனிமத்துக்கு அலுமினியத்துக்குக் கீழே காலி இடம் விட்டு, 'ஏகா-அலுமினியம்' என்று பெயரிட்டு அதன் குணங்களை 1871இல் கணித்து வைத்தார். 1875இல் அந்தத் தனிமம், காலியம் (gallium), கிடைத்தது. கணிப்பைக் கணிப்பென்றே அவர் எழுதினார். நீங்களும் அதுபோல், அளந்து பார்க்கப்படாத தனிமங்களுக்குத் தனி நிறமும் பக்கத்தில் 'கணிப்பு' என்ற ஒரு சொல்லும் சேர்த்து அட்டவணையை மறுபடி வெளியிட வேண்டும். வெளியிட்டால் ஐம்பது பிரதிகள் வாங்கி எங்கள் வட்டாரப் பள்ளிகளின் ஆய்வகச் சுவர்களில் நானே ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கோவில்பட்டி