அப்பாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் இங்கு நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "ஸ்பேனரும் பிடிப்பதில்லை, வரைபடமும் போடுவதில்லை என்கிறாய், பிறகு ப்ராஜெக்ட் மேனேஜருக்கு என்னதான் வேலை?" என்று கேட்டிருந்தீர்கள். முப்பது ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவர் கேட்பதால், ஃபோனில் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை.

எங்கள் ஆலையில் குளிர்விக்கும் நீருக்காகப் புதிய பம்ப் நிலையம் கட்டுகிறோம். சிவில், மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று மூன்று காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய ஆட்களில் ஒருவர்கூட எனக்குக் கீழே வேலை செய்பவர் அல்லர். ஆனால் புதிய குழாயைப் பழைய லைனோடு இணைப்பதற்காக ஆலையை நிறுத்தும் 9 நாள் ஷட்டவுன் தொடங்குவதற்குள் எல்லாம் தயாராகாவிட்டால், அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான்.

ஷட்டவுனைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதற்குள் வேலைகளை முடிக்கத் திட்டமிடும் முறையை மட்டும் சொல்கிறேன். 1950-களின் இறுதியில் அமெரிக்காவின் டூபாண்ட் இரசாயன நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், கணினி தயாரித்த ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து, எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்பதை வலையாக வரைந்து, அதில் மிக நீண்ட தொடரைக் கணக்கிடும் முறையை உருவாக்கினார்கள். ஆலைப் பராமரிப்பு நிறுத்தத்தின் நேரத்தைக் குறைக்கவும் அது பயன்பட்டது. அந்தத் தொடரைக் கிரிட்டிக்கல் பாத் என்கிறோம். அதில் ஒரு வேலை ஒரு நாள் தள்ளினால் மொத்தமும் ஒரு நாள் தள்ளும். மற்ற வேலைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. அதற்கு ஃப்ளோட் என்று பெயர். இதையெல்லாம் கணினியில் சில வாரங்களில் கற்றுவிடலாம். கடினமானது வேறு.

குளிர்காலத் தொடக்கத்தில் பம்பின் அஸ்திவாரத்துக்குக் கான்கிரீட் போட்டோம். 5 டிகிரிக்குக் கீழே போனால் கான்கிரீட் இறுகுவது மெதுவாகிவிடும் என்பதால், தடித்த போர்வைகளால் மூடி, காலையும் மாலையும் வெப்பநிலையைக் குறித்து வந்தோம். அத்தனை கவனத்துக்குப் பிறகு பம்பைத் தாங்கும் பேஸ் ஃப்ரேமை இறக்கினால், கான்கிரீட்டில் பதித்திருந்த நான்கு போல்ட்டுகளில் இரண்டு, அதன் துளைகளுக்குள் நுழையவில்லை. 40 மில்லிமீட்டர் விலகல். சப்ளையர் திருத்தி அனுப்பிய வரைபடம் சிவில் ஆட்களுக்குப் போய்ச் சேரவே இல்லை. போய்ச் சேர்ந்ததா என்று பார்த்திருக்க வேண்டியவன் நான். ஆனால் அதைவிட என்னை வருத்தியது, மெக்கானிக்கல் ஆட்களின் மேசையில் கிடந்த தாளில் அளவு வேறாக இருப்பதை அவர்களுடைய ஃபோர்மேன் இரண்டு நாள் முன்பே கவனித்திருந்தார் என்பதுதான். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "கூட்டத்தில் நீங்கள் தேதியை மட்டும்தானே கேட்டீர்கள்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. இந்த நாட்டில் மேலதிகாரியைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அதனால் எதையும் நேராகச் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். கெட்ட செய்தியைச் சொல்லத் தயங்குவது இங்கும் அப்படியேதான் இருக்கிறது.

டிசைன் இன்ஜினியர் கணக்குப் பார்த்து ஒப்புக்கொண்ட பின், புதிதாகத் துளையிட்டு, ரசாயனப் பசையால் போல்ட்டுகளைப் பதித்தோம். 4 நாள் போயிற்று. அந்த வேலைக்கு 6 நாள் ஃப்ளோட் இருந்ததால் ஷட்டவுன் தேதி அசையவில்லை. அன்று முதல், பொழுது விடியாத இருட்டிலேயே ஒவ்வொரு ஃபோர்மேனோடும் தளத்தைச் சுற்றி வருகிறேன். "முடிந்துவிடுமா?" என்று கேட்பதில்லை; "எது உங்களைத் தடுக்கும்?" என்று கேட்கிறேன். சொன்னதை அவர் கண்ணெதிரே எழுதி, யார் எந்தத் தேதிக்குள் தீர்ப்பது என்பதையும் குறிக்கிறேன். குறை சொன்னவரிடம் குரலை உயர்த்துவதில்லை. புதிய வரைபடத்தைக் கொடுக்கும்போதே பழையதைக் கையோடு வாங்கிக்கொள்கிறேன். சென்ற வாரம் அதே ஃபோர்மேன், மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் டிரே ஒன்று குழாயின் வழியில் குறுக்கிடுவதைத் தானாகவே வந்து காட்டினார். அப்பா, அன்றைக்கு எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

ஷட்டவுனுக்கு இன்னும் 5 வாரங்கள் இருக்கின்றன. உங்கள் காலத்தில் குழாய்களை இணைக்கும் ஃபிளாஞ்ச் சரியாக உட்காரவில்லை என்று தெரிந்தால் அதை யாரிடம் முதலில் சொல்வீர்கள், எப்படிப்பட்டவரிடம் சொல்லாமல் இருந்துவிடுவீர்கள் என்பதை விரிவாக எழுதுங்கள். எனக்கு அது இப்போது மிகவும் தேவைப்படுகிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்